மேரியின் ஊக்குகள்

ஐப்பசி, வெள்ளி இரவு.

தூக்கம் வரவில்லை. ஆய்வகத்தில் ஒரு மெல்லிய காந்தப் படலத்துக்குள் எங்கள் குரலை அலைகளாக ஓடவிட்டு, அந்த அலைகள் போடும் கோலத்தை வைத்துப் பேசுவது யார் என்று சொல்லப் பழக்கியிருந்தோம். அதற்குத் தெரிந்தது இரண்டே பேர்: நானும், கூட வேலை செய்யும் மேரியும். மத்தியானமே மேரி வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டார். பிறகு நான் தனியாகப் பேசிப் பார்த்தேன். திரையில் 'மேரி' என்று வந்தது. மறுபடி பேசினேன். மறுபடியும் மேரிதான்.

போன் செய்தேன்.

"ஐயோ, என் ஊக்கு சார். தாலிச் செயின்ல கொத்தா மாட்டிக்கினுதான தெனம் படலத்துகிட்ட உக்காந்து பேசினேன். இரும்பாச்சே. அது குரலக் கத்துக்கல, ஊக்கத்தான் கத்துக்கினு இருக்குது."

இத்தனை மாத உழைப்பும் வீண். ஆனாலும் பயம் தெளிந்தது.

"அப்ப ஊக்க மேசைமேலயே வுட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றேன்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே ஊக்குகள் உரசும் சத்தம் கேட்டது.

"கொத்து என் கழுத்துலதான் சார் இருக்குது. உங்க பக்கத்துல யாரு உக்காந்துக்கினு இருக்கறது?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும்.