சீங்கேரிக்கு விழுந்த முதல் மூட்டை

8 அக்டோபர் 1956, ஓசூர்

மழை. ஆறாம் நாள். தாலுகா ஆபீஸ் கூரை ஒழுகுகிறது. தபால் பதிவேட்டுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். தாம்பரத்தில் தத்துவம் படித்தவனுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

கிருபாராணிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போன மாதம் தளி பஸ் ஏறும்போது கேட்டாள்: "சாமல்பட்டிக்கு வந்து எங்கப்பாகிட்ட பொண்ணு கேப்பீங்களா, மாட்டீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க. அக்டோபர் கடைசி வரைக்கும். அதுக்கப்புறம் ஜோலார்பேட்டை ரயில் கார்டு வீட்டுக்கு அப்பா சரின்னு சொல்லிடுவாரு."

யோசனை இந்த நோட்டில் எழுபது பக்கம் ஆகிவிட்டது. முடிவு ஒரு வரிகூட இல்லை.

10 அக்டோபர்

தளிக்கு அப்பால் மலை சரிந்தது. சீங்கேரிப் பாலத்தைக் காட்டாறு கொண்டுபோய்விட்டது. அறுபது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரே டீச்சர்.

டீச்சர் அவள்தான்.

பக்கத்து மேஜை தீர்த்தகிரி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "ஆறு குறுக்க வந்தாத்தான்யா சில பேருக்கு அக்கரை கண்ணுக்குத் தெரியுது."

11 அக்டோபர்

பெங்களூரிலிருந்து சரக்கு விமானம் வரப்போகிறது. டகோட்டா. சண்டைக்காலத்தில் சிப்பாய்களுக்குச் சாப்பாடு போட்டது, இப்போது சீங்கேரிக்கு அரிசி போடும். இடம் தெரிந்த ஒருவன் கூடப் போகவேண்டுமாம். தாசில்தார் நிமிர்ந்து பார்க்குமுன் "நான் போறேன் சார்" என்றேன்.

யோசிக்காமல் பேசினேன். என் குரல்தானா?

13 அக்டோபர், பெங்களூர்

கதவையே கழற்றிவிட்டார்கள். மூட்டை தள்ள அதுதான் வாசல். என் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை விமானத்தின் விலா எலும்பில். ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் — ஆடு வாந்தி எடுக்காது.

பாராசூட் கிடையாது. அரை மூட்டை அரிசியைக் கட்டி, அதை இன்னொரு பெரிய சாக்குக்குள் போட்டுத் தைக்கிறார்கள். விழும் வேகத்தில் உள்சாக்கு கிழியும், வெளிச்சாக்கு தாங்கும். மனிதனையும் இப்படி இரண்டு சாக்கில் தைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேப்டன் குடகுக்காரர். முதல் சுற்றில் ஒரு தகர டப்பாவைப் போடச் சொன்னார். உள்ளே அடையாளப் பட்டியல்: இங்கே போடு என்றால் வெள்ளைத் துணியில் பெருக்கல் குறி, போதும் என்றால் வட்டம், டாக்டர் வேண்டுமென்றால் ஒரே கோடு. அரை மணி சுற்றினோம். பள்ளிக்கூடத்துப் பாறைமேல் நாலு வேட்டிகள் பெருக்கல் குறியாக விரிந்தன. படித்துவிட்டாள்!

தள்ளினோம். முதல் மூட்டையின் இரண்டு சாக்குகளுக்கு நடுவே காலையிலேயே ஒரு சீட்டைச் செருகியிருந்தேன். "கிருபாராணி, கேட்கிறேன். ஜெபராஜ்." அவ்வளவுதான். டப்பாவில் போட்டிருந்தால் கேப்டன் படித்திருப்பார். முதலில் விழுவதை முதலில் பிரிப்பாள் என்பது என் தர்க்கம். தர்க்கத்தில் எனக்கு முதல் வகுப்பு.

16 அக்டோபர்

இரண்டாம் நடை. பாறைமேல் பெருக்கல் குறி மட்டும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுநூறு அடியிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று கேட்டுக்கொள்ள மாட்டேன்.

17 அக்டோபர்

சீங்கேரி மாதப்பன் கயிறு பிடித்து ஆற்றைக் கடந்து வந்துவிட்டான். கரையேறும்போது கை உடைந்திருக்கிறது, ஓசூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு (ஒரே வார்த்தை, வெட்கம்) மூட்டைக்குத் தாவினேன்.

"எல்லாம் பிரிச்சு கஞ்சி காச்சியாச்சுங்க. மொத மூட்டை மட்டும் மாதேஸ்வரன் கோயில்ல இருக்குது."

"ஏன்?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? நாங்க களி திங்கறவங்க. நெல்லுச்சோறுன்னா நோம்பி நாள்லதான். ஊருக்குள்ள மொதல்ல வந்த அரிசியைச் சாமிக்குக் காட்டாம வாயில வெப்பமா? வெள்ளிக்கிழமை பொங்கல். பூசாரிதான் பிரிப்பாரு, ஊரு மொத்தமும் நிக்கும்."

"உள்ள காகிதம் ஏதாவது இருந்தா?"

"சர்க்கார் காகிதம்னா டீச்சரம்மா சத்தமா படிச்சுக் காட்டும். வேற யாருக்குங்க எழுத்துத் தெரியும்?" அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "ஏனுங்க, உங்களுக்கும் ஒடம்பு சரியில்லையா?"

18 அக்டோபர்

அறுபது வீடு. பூசாரி. மாதேஸ்வரன்.

அவள் குரல் தெளிவான குரல். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

19 அக்டோபர், வெள்ளி

பொங்கியிருக்கும்.

20 அக்டோபர்

மூன்றாம் நடை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கேப்டன் கூப்பிட்டார்: "ஏனப்பா, கீழ பாரு. இது பட்டியல்லயே இல்லையே. டாக்டர் கேக்கறாங்களா?"

பார்த்தேன். பெருக்கல் குறி ஒரு பக்கம். அதன் கீழே பாறை முழுக்க வேட்டி வேட்டியாக வளைத்து, மடித்து, கல் வைத்து —

எப்போ?

கேள்விக்குறிக்குக்கூட ஒரு தலைப்பாகை. அதைச் சுற்றிச் சீங்கேரி ஆண்கள் அத்தனை பேரும் கோவணத்தோடு அண்ணாந்து நிற்கிறார்கள், இடுப்பில் கைவைத்து, பதில் வாங்காமல் போகமாட்டோம் என்பதுபோல. நடுவே நீலப் புடவை ஒன்று. அது மட்டும் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் இல்லை சார். எனக்கு."

"உனக்கா? என்ன வேணுமாம்?"

"தேதி சார்."

கேப்டன் தகர டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, தேவைக்கு அதிகமாக ஒரு சுற்று சுற்றினார்.

29 அக்டோபர், சாமல்பட்டி

அவள் அப்பா சவரியப்பன் ரயில்வே கேட் கீப்பர். பாசஞ்சரைப் பச்சைக்கொடி காட்டி அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"ஆகாயத்துல இருந்து கேட்டீங்களாமே. நான் தரையில இருக்கற ஆளு தம்பி. இங்க ஒருக்கா கேளுங்க."

கேட்டேன். சிவப்புக்கொடி கையிலேயே இருந்தது, ஆனால் உயர்த்தவில்லை.

2 பிப்ரவரி 1957, சீங்கேரி

மரப்பாலம் போட்டாயிற்று. சனிக்கிழமைகளில் ஓசூரிலிருந்து வந்துவிடுகிறேன். பூசாரி இன்றும் வழியில் நிறுத்தி, "சாமி மூட்டையில சீட்டு வெச்ச மாப்பிள்ளை" என்று புது ஆளுக்கு அறிமுகப்படுத்தினார்.

பள்ளிக்கூடத்தில் நோட்டுத் தட்டுப்பாடு. இந்த நோட்டில் மீதி இருக்கிற நாற்பது பக்கத்தையும் கிருபா கேட்கிறாள். "யோசிச்சுச் சொல்லுவீங்களா?" என்கிறாள், கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு.

வெட்டிக்கொள் என்றுவிட்டேன்.