சரக்கு லிஃப்டில் ஏறிய பீஸ்

சகல மக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்றுச் சாயங்காலம் என் சட்டை முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் பாதி ஊர் சிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பனியன் கம்பெனியில் தையல் பிசகிய இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதே அம்பு. ஒட்டியது உங்கம்மா. பிய்த்துக் கையில் எடுத்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது மாப்ளே.

சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற மைட்டோகாண்ட்ரியா உனக்குப் பிறவியிலேயே மந்தம். செல்லுக்குச் செல் லோ வோல்டேஜ் என்று நான் ஓட்டுவேன். பரீட்சை வந்தால் இன்னும் மோசம். பயந்த அன்றைக்குப் பேனா தூக்கக்கூடத் தெம்பிருக்காது. "பயம் அயர்ன் பாக்ஸ் மாதிரிடா. அதப் போட்டா ஊட்ல மத்த லைட்டெல்லாம் மங்கிரும்" என்பாய். "அப்போ சிரிப்பு?" என்று கேட்டேன். "அதுவும்தான் இழுக்கும். ஆனா அது நாம ஆசப்பட்டுப் பண்ற செலவு."

பனியன் கம்பெனியில் உங்கம்மா தைக்கிற மெஷினை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் உன் ஆசை. அது நாலாம் மாடி. லிஃப்ட் சரக்குக்கு மட்டும். படியின் முதல் திருப்பத்திலேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. உன்னைத் துணி ட்ராலியில் உட்கார வைத்து, மேலே பனியன் பீஸ்களைப் போட்டு மூடி, லிஃப்டில் ஏற்றினேன்.

மேலே, தைத்த பீஸ்களில் பிசகு பார்க்கிற செக்கிங் அக்கா துணியை விலக்கினால், பீஸ் கண்ணைச் சிமிட்டுகிறது. நான் நழுவப் பார்த்தேன். அவரோ திட்டாமல் ஸ்டிக்கர் அட்டையை எடுத்து, "எங்க கண்ணு டேமேஜு?" என்றார்.

"அட்டை பத்தாதுங்கக்கா, உடம்பு பூரா ஒட்டணும்" என்றாய்.

தையல் லைன் முழுக்க மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. உங்கம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தன் ஸ்டூலில் உன்னை உட்கார வைத்து, ஒரு பனியன் கையைத் தைக்கவும் விட்டார். அந்தச் செலவுக்கு வாரம் பூரா படுத்துக் கிடந்தாய். "லாபந்தான்டா" என்றாய்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது உங்கம்மாவுக்குச் சாயங்காலப் பஜ்ஜி வாங்கிப் போவது நான். நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறுகிறேன், எனக்கு ஃபுல் வோல்டேஜ் என்று கம்பெனி பூரா அளந்து வைத்திருக்கிறேன்.

உன்கிட்ட மட்டும் சொல்லிடறேன். ஒரே மூச்செல்லாம் இல்லை. முதல் திருப்பத்தில் தினமும் உட்காருகிறேன், சுவரோரம் உனக்கு இடம் விட்டு. பஜ்ஜியில் ஒன்று அங்கேயே காணாமல் போகிறது. உங்கம்மா கண்டுபிடிச்சுட்டாங்க போல, அதுக்குத்தான் அந்த அம்பு. தின்றது நான்தான். உன் பங்குன்னு சொல்லிக்கறேன்.