பஞ்சில் தொட்ட தண்ணீர்

கமுந்திங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், டப்ளின் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறோம். ஐயாவு சித்தப்பா போன திங்கட்கிழமை ஈப்போவில் இறந்துபோனதை உன் அண்ணன் சுரேன் சொல்லியிருப்பான். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றதும் பஸ் ஏறிப் போனேன். அவன் ஜைத்தூனைக் கட்டி இஸ்லாத்தில் சேர்ந்து முப்பது வருஷம், அந்த வீட்டில் நான் தங்கியது இதுதான் முதல் தடவை. நான் சந்தேகப் பிராணிதான், உன் அம்மா சொல்வதை இல்லை என்று சொல்லவில்லை. போனதும் கண்ணில் பட்டது கட்டில்தான். சுவரோரம் கிடந்ததைக் கோணலாக இழுத்துப் போட்டிருந்தார்கள், தரையில் பழைய கால்களின் தடம் தெரிந்தது. அவனை வலப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள், முதுகு வாசல் பக்கம். என் முகத்தை அவன் பார்க்கக் கூடாது என்று செய்த வேலை என்றே நினைத்தேன். மக்காவைப் பார்த்து இருக்க வேண்டும் அண்ணே என்றாள் ஜைத்தூன். போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

அவன் காதோரம் குனிந்து மெதுவாக அவர்கள் மார்க்கத்து உறுதிமொழியான கலிமாவைச் சொல்வாள், நீயும் சொல் என்று வற்புறுத்தாமல் காத்திருப்பாள். ஞாயிறு காலை அவனும் திணறித் திணறிச் சொல்லிவிட்டான். உடனே அவள் நிறுத்திக்கொண்டு, "இனிமே அவரப் பேச வைக்க வேணாம்ணே, கடைசி வார்த்தை அதுவா இருக்கணும், வேற ஏதும் பேசிட்டா மறுபடி சொல்லிக் கொடுக்கணும்லா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என்னோடு பேச விடாமல் செய்ய இப்படியும் ஒரு வழியா? அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவளிடமே சொன்னேன். பதினாறு வருஷத்துக்கு முன் என் அம்மா செல்லாயி தோட்டத்து வீட்டில் செத்தபோது அவன் ஏன் வரவில்லை, இவள்தானே தடுத்தாள் என்பதுதான் அது.

மத்தியானம் கிண்ணத்தில் பஞ்சைத் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். சாகக் கிடப்பவர் வாயில் நாம் பால் ஊற்றுவது எதற்கு என்று உனக்குத் தெரியும். உயிரை அனுப்பி வைக்கிறாள் என்று பதறிக் கிண்ணத்தைப் பிடுங்கினேன், கவிழ்ந்து போர்வையெல்லாம் நனைந்தது. அவள் கோபிக்கவில்லை. "நாக்கு வறண்டு கெடக்குண்ணே, வெறும் தண்ணிதான்" என்று வேறு கிண்ணம் கொண்டுவந்து என்னிடமே கொடுத்தாள். நீ நர்ஸ், அங்கேயும் இப்படித்தான் செய்வீர்களா, எழுது. அதன்பிறகு நான்தான் நனைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான்.

திங்கள் சாயந்திரம் அவன் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டான். உதடு அசைந்தது. குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த ஜைத்தூன் எழுந்து, "கேக்க வேண்டியதக் கேட்டுருங்கண்ணே, அவர் பேசினாலும் பரவால்ல, நான் பெறகு சொல்லிக் கொடுத்துக்கறேன்" என்று வாசற்படிக்கு நகர்ந்துவிட்டாள். எனக்கோ அவன் என்ன பதில் சொல்வான் என்று பயம் வந்துவிட்டது. அம்மா செத்த அன்று தோட்டத்து ராமையாவை அனுப்பி அவனுக்குச் சேதி சொன்னதாகத்தானே உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன்? வழியில் பார்த்தால் சொல்லிவிடு என்றுதான் சொன்னேன், அவ்வளவுதான். கொள்ளி வைக்கிற இடத்தில் தொப்பியோடு வந்து நிற்பானே என்று எனக்குக் கூச்சம். ராமையா சொன்னானா என்று இன்றுவரை கேட்டதில்லை. ஊரையெல்லாம் துருவிக் கேட்கிறவன் அதை மட்டும் கேட்கவில்லை, தினேஸ். உதட்டில் விரல் வைத்து, பேசாதே என்று தம்பிக்குச் சைகை காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான், ஒரு மணி நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

கலிமாவுக்கு மரியாதை கொடுத்து நான் பேசாமல் இருந்தேன் என்று ஜைத்தூன் நினைத்துக்கொண்டாள். "பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அழுதாள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. வருகிற சனிக்கிழமை போய் அவளிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன், கதவைச் சாத்தினாலும் சரி. அதுவரை அம்மாவிடம் உளறிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. தெய்வம் உனக்குக் குறை வைக்காது. ஒன்று மறக்காதே, எனக்கு ஏதாவது ஆனால் சுரேன் யார் மூலமும் சேதி அனுப்பாமல் அவனே உனக்குப் போன் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாமல் அவனிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

அன்புள்ள அப்பா,
வீரமுத்து.