கொள்ளுக் கஞ்சியில் முந்திரி

பாசத்துக்குரிய மச்சான்,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. உன்னைக் கொண்டுபோன சர்க்கரை தன்னையும் பிடித்துவிடுமோ என்று பயந்து, உன் தங்கை கலா உடம்பைக் குறைக்க ஆரம்பித்தாள். பதினோரு கிலோ குறைத்துவிட்டாள். நான் சந்தோஷப்பட வேண்டியவன். எனக்கோ வயிறு எரிகிறது.

விடிந்ததும் தருமபுரத்திலிருந்து கடற்கரைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரும் கூட நடப்பவர். வீட்டில் வாயைத் திறந்தால் "சார் சொன்னாரு, சார் சொன்னாரு". இருபது வருடத்தில் நான் சொன்ன எதையாவது அவள் இப்படி நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாளா?

போன மாதம் போலகத்தில் ஒரு கல்யாணம். வழியில் பெட்ரோல் போட அவள் இறங்கினாள். போட்டதும் வண்டியைக் கிளப்பி, அவளிடம் பேசிக்கொண்டே மண்டபம் வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆளில்லை! முன்பெல்லாம் அவள் ஏறினால் வண்டி ஒரு அமுங்கு அமுங்கும். இப்போது ஏறினாளா இல்லையா என்றே தெரியவில்லை, மச்சான். அதே கல்யாணத்துக்கு வந்த அந்த வாத்தியாரின் வண்டியில் வந்து இறங்கினாள்.

"என்ன சார், வீட்டம்மாவ வுட்டுட்டு வந்துட்டீங்க?" என்று அவர் சிரிக்க, இவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். அவளுக்குக் கொள்ளுக் கஞ்சி வைப்பது நான்தான். அதில் ஒரு பிடி முந்திரியை அரைத்து, ஒரு கரண்டி நெய்யும் விட்டுக் கலக்கினேன்.

"உங்க கைக்குன்னு ஒரு ருசி இருக்குங்க" என்று வழித்துக் குடித்தாள். வெட்கமில்லாமல் அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. தினமும் கலக்கினேன்.

எடை குறைவது நின்றது, பிறகு ஏறவும் செய்தது. காரணம் புரியாமல் அவள் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். நேற்று வகுப்பில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். ஆட்டோவில் கூட்டிவரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணன் மாதிரி நானும் போயிடுவேனாங்க? என்ன பண்ணாலும் கொறைய மாட்டேங்குதே."

 நீ இருந்திருந்தால் என்னை என்ன செய்திருப்பாய்?

நாளைக் காலை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன், இது சத்தியம். கோபித்துக்கொண்டு போக அவளுக்கு இருந்தது உன் வீடு ஒன்றுதான். அதுவும் பூட்டிக் கிடக்கிறது. அதனால் அவள் எங்கும் போக வேண்டாம். நான் வெளியே போகிறேன். அவளாகக் கூப்பிடும்வரை வாசலில் நிற்கிறேன்.

உன் தங்கையைக் கட்டிய
மாப்பிள்ளை