தோட்டத்தில் வெட்டிய நீச்சல் குளம்

பக்கத்து வீட்டில் இன்று தளம் போடுகிறார்கள். ஈர சிமெண்ட் வாசனை சமையலறைவரை வந்துவிட்டது. கதவைச் சாத்தியும் போகவில்லை. இந்த வாசனை வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நீ இருந்தால், "பட்டினி கெடந்து யாரப் பழிவாங்கறீங்க" என்று கேட்டிருப்பாய்.

நான் வேலை பார்த்த சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்று நம் ஸ்கெலட்டன் குடியிருப்பு முழுக்கப் பேச்சாக இருந்த வருஷம். பக்கவாதம் வந்து உன் வலது கால் இழுபட்டது. இடுப்பளவு தண்ணீரில் தினமும் நடந்தால் தேறலாம் என்றார் பெங்களூர் டாக்டர். நீச்சல் குளத்துக்கு நாம் எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் உன் கனகாம்பரமும் ஒரு முருங்கையும் நிற்கிற துண்டு நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி நீ, "கனகாம்பரத்த மட்டும் உட்டுடுங்க" என்றாய்.

வெட்டுவதற்கு என் ஷிஃப்ட் ஆட்கள் வந்தார்கள். ஆயுசு முழுக்க, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, கீழே கீழே வெட்டியே பழகியவர்கள் நாங்கள். பாறை தட்டினால்தான் எங்களுக்கு நிம்மதி. "கெட்டித் தரை வரட்டும்ப்பா" என்று இறங்கிக்கொண்டே போனோம். மத்தியானம் பார்த்தால் உள்ளே நிற்கிறவன் தலை வெளியே தெரியவில்லை.

"இன்னாங்க இது, நான் நடக்கறதுக்கா, கேஜ் எறக்கறதுக்கா?" என்றாய். கோணிய வாயோடு நீ சிரிக்க, அத்தனை பேரும் சிரித்தோம். வெட்டிய மண்ணையே திரும்பக் கொட்டி, மிதித்து, இடுப்பளவு ஆழம் விட்டு சிமெண்ட் பூசினோம்.

டேங்கர் தண்ணீர் நிரம்பியதும் உன்னைத் தூக்கி இறக்கினேன். உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நான் பின்புறமாக நடக்க, நீ என்னைப் பார்த்து வந்தாய். இழுக்காமல், காலை எடுத்து வைத்து வந்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் குளம் காலி. கொட்டிய மண் அமுங்கி, தளம் குறுக்கே பிளந்திருந்தது. பூசினோம், மறுபடியும் பிளந்தது. அதற்குள் இரண்டாவது வாதம் உன்னைக் கொண்டுபோய்விட்டது. சுரங்கமும் மூடியாயிற்று. அந்த ஆட்களெல்லாம் இப்போது பெங்களூருக்கு ரயிலேறி வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்கள். லீவு நாளில் வந்து பள்ளத்தை மூடித் தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்கிறேன்.

நீ நடந்த அன்று உன்னைக் கரையேற்றப் போனபோது, உதடு நடுங்க, "இன்னும் ஒரு சுத்துங்க" என்றாய். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே என்று, "நாளைக்கு நடக்கலாம் வா" என்று தூக்கிவிட்டேன். நீ நடக்காத அந்த ஒரு சுற்றைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை.