இரண்டு மணிப் புகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் எதை மறைக்கிறாரோ என்று நினைப்பாய், என் மகள்தானே நீ. உடம்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பு வலி மட்டும் பழையபடி. உன் கடிதமும் அம்மாவின் கடிதமும் போன துறைமுகத்தில் சேர்ந்தே கிடைத்தன. ரேஷன் கடைக்காரர் எடையில் கைவைக்கிறார் என்று அவள் எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரி விடுதியில் உன் அறைக்கு வந்த புதுப் பெண் சரியில்லை, சோப்பு நாளுக்கு நாள் தேய்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை. பெட்டிக்கு நல்ல பூட்டாக வாங்கு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்காதே, முதலில் தேடுவது அங்கேதான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

சரக்குக் கப்பலில் குழம்பு காய்ச்சுகிறவனுக்கு என்ன போர் என்று கேட்பாய். பதினைந்து கப்பல்கள் கூட்டமாகப் போகிறோம், காவலுக்கு ஒரு போர்க்கப்பல். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் கண்ணில் படாமலிருக்க எங்களுக்கு இரண்டு கட்டளைகள். பகலில் சமையல் கழிவைக் கடலில் கொட்டக் கூடாது, மிதக்கும் தோலும் எலும்பும் நாங்கள் போன வழியைக் காட்டிக்கொடுக்கும். புகைபோக்கியில் கரும்புகை வரக்கூடாது, அது வெகுதூரத்துக்குத் தெரியும். இந்த இரண்டாவதை எங்கள் கப்பலில் யாரோ தினமும் மீறிக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணி தாண்டினால் போதும், கரியைக் கரைத்து ஊற்றிய மாதிரி புகை வரும். காவல் கப்பல்காரர்கள் விளக்கை மின்னவிட்டுத் திட்டுவார்கள்.

நான் சந்தேகப்பட்டது பாய்லருக்குக் கரி அள்ளிப்போடும் புது ஆளை. போன துறைமுகத்தில்தான் ஏறினான், பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை அவன் முறை. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவான், நான் சொல்லும் வேடிக்கைக்கு மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது இவன் மட்டும் தட்டைப் பார்ப்பான். தினமும் வேலைக்கு இறங்கும்போது சமையலறைக் கதவில் தலையை நீட்டி, சமையல் முடிஞ்சுதாண்ணே, மணி என்னாச்சு என்று கேட்பான். இவனுக்கு எதற்கு மணி? ஒரு வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். நேற்று கேப்டனிடம் போய், குறித்த நேரத்தில் புகை காட்டி எதிரிக்குச் சேதி சொல்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவனைக் கயிறு வைக்கும் அறையில் போட்டுப் பூட்டினார்கள். நாளைக் காலை கரை சேர்ந்ததும் ராணுவத்திடம் ஒப்படைப்பார்கள். உளவாளி என்று முடிவானால் என்ன செய்வார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நேற்று மாலை அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனது நான்தான். ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். உங்க மூட்டைதாண்ணே புகைஞ்சுது என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவன் விளக்கியதும்தான் உறைத்தது. பகலில் கழிவைக் கொட்டக் கூடாதா, அடுப்படியில் வைத்தால் நாறுகிறதா, அதனால் நான் கொழுப்பு, எலும்பு, எண்ணெய்த் துணி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிச் சாம்பல் அள்ளும் வாளியில் கீழே பாய்லர் அறைக்கு இறக்கிவிடுவேன். நெருப்பில் போட்டால் கடலுக்கும் போகாது, நாற்றமும் போகும், எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் கொழுப்பும் எண்ணெயும் எரிந்துதான் கரும்புகை வந்திருக்கிறது. இறக்கும் நேரம் இரண்டு மணி. அவன் மணி கேட்டது மூட்டை எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளத்தான், நெருப்பை நன்றாக ஏற்றி வைத்தால் புகை கொஞ்சமாவது குறையுமாம். இதைக் கேப்டனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொன்னேண்ணே, புகார் சொன்னவர் மேலயே பழியப் போடுறியான்னு அடிச்சாங்க என்றான். உதடு வீங்கியிருந்தது. சூப்பைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டான்.

அப்போதும் நான் அவனை நம்பவில்லை, என் புத்தி அப்படி. இன்று மூட்டையிலிருந்து ஒரு துண்டு எண்ணெய்த் துணியை என் அடுப்பில் போட்டுப் பார்த்தேன், அதே கரும்புகை. மூட்டையை இறக்காமல் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு மேல்தளத்தில் போய் நின்றேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவனைப் பூட்டியதும் புகை நின்றுவிட்டது, சரியான ஆளைத்தான் பிடித்துக்கொடுத்தாய் என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். கேப்டன் எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வேலை போகும், அம்மாவுக்கு என்ன அனுப்புவேன், உளவாளி நான்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று நூறு பயம். உன் அப்பா பெரிய கோழை, மகளே.

நாங்கள் எழுதும் கடிதங்களை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். முதல் அதிகாரி படித்துப் பார்த்து, கூடாததைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார். அவர் மேல் எனக்கு எவ்வளவோ நாள் எரிச்சல், அடுத்தவன் வீட்டுச் சேதியைப் படிக்கிற மனிதர் என்று. இன்று அவர் படிக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாததை உனக்கு எழுதிவிட்டேன். இப்போதே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு, கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கப்போகிறேன். கடிதம் ஓட்டை ஓட்டையாக வந்தால் பயப்படாதே, அவர் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லவளாக இருக்க வேண்டும், அதுதான் நான் வேண்டுவது. அம்மாவுக்கு வாரம் ஒரு வரியாவது எழுது. சோப்பு விஷயத்தை வார்டனிடம் கொண்டுபோவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேள். அதற்கும் முன்னால், சோப்பு ஈரத்தில் கிடக்கிறதா என்று பார்.

இப்படிக்கு,
மூட்டை கட்டிய கையால்,
உன் அப்பா