அச்சில் ஏறாத அறிகுறி

அக்கா,

ஸ்கேன் அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனிப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தன் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள். துணியில் கறை எடுக்கும் மருந்தின் வாடை அவள்மேல் வீசுகிறது. உங்கள்மேல் எப்போதும் இருந்த வாடை. அது மூக்கில் பட்டதும் உங்களுக்கு இதை எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் பனியன் கம்பெனி செக்கிங்கில், தைத்து வந்த பீஸ்களில் கறையோ குறையோ இருக்கிறதா என்று பார்த்தீர்கள். நான் அடுத்த வீட்டிலிருந்து பத்திரிகைக்கு எழுதினேன். மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகள் பற்றிய என் கட்டுரையைச் சாப்பாட்டு வேளையில் மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினீர்களாம். "நானும் தடவிப் பாத்துட்டேன் அம்மிணி. கட்டி ஒண்ணுமில்ல. கம்பெனி பீஸக்கூட இவ்வளவு நல்லாப் பாத்ததில்ல" என்று சிரித்தீர்கள்.

நான் எழுதிக் கொடுத்ததில் கட்டி மட்டுமா இருந்தது? வலியில்லாத கட்டி, தோலில் விழும் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது. குடும்பங்கள் படிக்கும் பக்கத்தில் 'காம்பு' வேண்டாம் என்றார் ஆசிரியர். நான் வாதாடவில்லை. கடைசி இரண்டும் போயின.

கட்டுரை வெளிவந்த அந்த மாதங்களில் உங்கள் உள்ளாடையின் இடப்பக்கம் பழுப்பாகக் கறை பட்டுக்கொண்டிருந்தது. மெஷின் ஆயில் என்று நினைத்து, மருந்தடித்துத் துவைத்தீர்கள். நாளெல்லாம் ஆயில் கறையோடு புழங்குகிறவருக்கு வேறென்ன தோன்றும்? எட்டு மாதம் கழித்து, அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள். "நீ எழுதுனதுல இது இல்லையே அம்மிணி" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உங்களுக்கு இரண்டு பொங்கல்தான் கிடைத்தது.

மூன்று நாளைக்கு முன் குளிக்கும்போது பார்த்தேன். என் வலது காம்பு உள்ளே இழுத்திருந்தது. கட்டி இல்லை, வலியும் இல்லை. ஊரெல்லாம் போய்க் கேள்வி கேட்ட எனக்கு, இதை வீட்டில் சொல்ல ஒரு நாள் முழுக்க வாய் வரவில்லை.

சற்று முன் நர்ஸ் வந்து, கட்டி எந்தப் பக்கம் என்று கேட்டாள். கட்டி இல்லை, காம்பு புதிதாக உள்ளே போயிருக்கிறது என்றேன். பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவள் போனதும் பக்கத்துப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அதுவும் இந்த நோயில சேத்திதானுங்களா?"

நான்கு அறிகுறிகளையும் சொன்னேன். இருந்தால் புற்றுநோய்தான் என்றில்லை, ஆனால் உடனே காட்டிவிட வேண்டும் என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தன் போனில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அக்கா. எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது. போகிறேன்.